நெற்றியில் ஐந்து விளக்கு: பழைய மோட்டார்ஹோமில் இரண்டு வருடம்

போன வாரம் டல்லாஸிலிருந்து பழைய அலுவலக நண்பர் போன் செய்தார். வீட்டை விற்றுவிட்டு, ஒரு பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே குடியிருக்கும் வண்டி) வாங்கி, எங்களைப்போல அமெரிக்காவைச் சுற்றலாமென்று அவருக்கும் அவர் மனைவிக்கும் யோசனையாம். "என்னப்பா, வண்டி எப்படி இருக்கு?" என்றார். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் வண்டிக்குள் மழைத்தண்ணீர் ஒழுகுவதைப் பார்க்க நான்காவது ஆள் வந்துபோயிருந்தார். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இதுதான் அது.

எங்களுடையது 2010 மாடல் கிளாஸ் சி, அதாவது வேன் சேஸியின்மேல் வீட்டைக் கட்டிய வகை. ஃபோர்டு இ-450 சேஸி, 6.8 லிட்டர் வி10 எஞ்சின், 29 அடி நீளம். வாங்கும்போது 38,000 மைல் ஓடியிருந்தது. எஞ்சினைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கொலராடோ மலைப்பாதையில் கத்திக்கொண்டேதான் ஏறும், ஆனால் ஏறிவிடும். கேலனுக்கு எட்டு மைல், எதிர்க்காற்று அடித்தால் ஏழு. அது தெரிந்துதானே வாங்கினோம்.

டயரில் ஏமாந்தோம். பட்டனெல்லாம் புதிதுபோல இருந்தது. பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பணம் கட்டிய பிறகுதான் படித்தேன்: 2214. அதாவது 2014-ஆம் வருடத்தின் 22-வது வாரம் செய்த டயர். ஓடாமல் நின்றே கிழடான ரப்பர். ஆறையும் மாற்றினோம். பார்க்காதது என் தப்பு, அதற்கு டீலரைத் திட்ட முடியாது.

ஒழுகலுக்குத் திட்டலாம்.

இந்த வகை வண்டியில் டிரைவர் தலைக்கு மேலே ஒரு கட்டில் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வலது மூலையில்தான் தண்ணீர் வரும். முதல் மழையன்று மெத்தை ஓரம் சில்லென்று இருந்தது. சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினேன். டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது. வாங்குமுன் அழுத்தியிருக்க வேண்டிய இடம். ஆனால் அன்றைக்கு அந்த மூலையில் டீலர் இரண்டு பூப்போட்ட தலையணைகளைச் சாய்த்து வைத்திருந்தார்.

முதலில் வந்தவர் கூரையிலேறி ரப்பர் விரிப்பின் ஓரங்களிலும் வென்ட்டைச் சுற்றியும் சீலன்ட் ஊற்றினார். இரண்டாமவர் முன்ஜன்னலைக் கழற்றி, புது பூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து மறுபடி மாட்டினார். அப்புறம் நாங்கள் அரிசோனா போய்விட்டோம். குவார்ட்ஸைட் பக்கம் பாலைவனத்தில், மத்திய அரசு நிலத்தில், நாங்கள் போனபோது 180 டாலர் கட்டினால் செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தங்க முடிந்தது. குளிர்காலம் முழுக்க அங்கேதான். ஒரு சொட்டு இல்லை. இரண்டாமவர் கைராசியைப் பக்கத்து வண்டிக்காரர்களிடமெல்லாம் புகழ்ந்து தள்ளினேன். ஓரிகன் கடற்கரைக்கு வந்து மூன்று நாள் அடைமழையில் நின்றபோதுதான் உறைத்தது: குவார்ட்ஸைட்டில் ஒழுகுவதற்கு மழை எங்கே பெய்தது?

மூன்றாமவர் மறுபடி கூரையிலேயே இன்னும் நாலு டியூப் பிதுக்கினார். ஒழுகல் நிற்கவில்லை.

நான்காவதாக வந்த பெரியவர் கூரைக்கே போகவில்லை. ஏணியை வண்டியின் முகத்தில் சாத்தினார். நெற்றியில் வரிசையாக ஐந்து ஆரஞ்சு விளக்குகள் இருக்கும். இவ்வளவு அகலமான வண்டிக்குச் சட்டப்படி இருந்தாக வேண்டும். அந்தக் கடைசி விளக்கின் மூடியைக் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே அரைக் கரண்டி தண்ணீர் நின்றது. பின்னாலிருந்த கேஸ்கெட், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர், அவர் விரலில் அப்பளமாக நொறுங்கியது. ஒவ்வொரு விளக்குக்கும் வயர் போகச் சுவரில் ஓர் ஓட்டை உண்டு. வண்டி ஓடும்போது மழை நேராக அங்கேதான் அடிக்கும். ஓட்டைக்குள் புகுந்து, பிளைவுட்டுக்குப் பின்னால் வழிந்து, கட்டில் மூலைக்கு வந்து சேரும். ஐந்தையும் மாற்ற முக்கால் மணி நேரம். விளக்குகள் நாற்பது டாலருக்குள்தான். முந்தைய மூன்று பேருக்கும் கொடுத்ததைக் கூட்டினால் 2,300 டாலர். ஒழுகல் அகப்பட்ட சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் எனக்கு ரத்தக் கொதிப்புதான் வந்தது.

சரி, நியாயமாகவும் கொஞ்சம் எழுத வேண்டும். நான்கு பெட்ரூம் வீட்டைக் காலி செய்தது பயந்த அளவு வலிக்கவில்லை. எதை வைத்துக்கொள்வது என்பதை மனசு முடிவுசெய்யவில்லை, எடைமேடை முடிவுசெய்தது. வண்டி மொத்தம் 14,500 பவுண்டைத் தாண்டக் கூடாது. டிரக் ஸ்டாப்பில் லாரிகளோடு வரிசையில் நின்று எடை போட்டால் 14,760. தண்ணீர்த் தொட்டியிலேயே 40 கேலன், 330 பவுண்டு. அதைப் பாதியாக்கினோம். என் புத்தகப் பெட்டிகள் மூன்றும் மகன் வீட்டு கராஜுக்குப் போயின. கிரைண்டரைப் பார்த்தேன். "அது இறங்கினா நானும் இறங்கிடுவேங்க" என்றாள் மனைவி. கிரைண்டர் கல்லோடு இன்றும் வண்டியில்தான் இருக்கிறது.

அவள் பிடிவாதம் பிடித்தது நல்லதாயிற்று. எங்கள் ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுவது. அதன் பின்னால் எரியும் சுடரின் சூடு ஏறி, ஃபிரிட்ஜுக்கு மேலே உள்ள அலமாரி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். டெக்ஸஸ் வீட்டில் குளிர்காலத்தில் ஓவன் லைட்டைப் போட்டு, கம்பளி சுற்றி, அப்படியும் மாவு புளிக்காமல் தட்டையாக இட்லி தின்றிருக்கிறோம். இங்கே இரவு வைத்தால் காலையில் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மொன்டானாவில், கண்ணாடியெல்லாம் உறைபனி படிந்திருந்த ஒரு செப்டம்பர் காலையில் துணியில் ஒட்டாமல் எழும்பிய இட்லி சாப்பிட்டோம். கிளேசியர் பூங்காவின் கோயிங் டு தி சன் சாலையில், மலை ஏறும் பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விட மாட்டார்கள் என்பதால் அன்று பஸ்ஸில்தான் போனோம். அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

ஆக, நண்பருக்குப் பதில்: வாங்காதீர்கள். இட்லிக் கதையெல்லாம் சொல்லிவிட்டு இப்படிச் சொல்வதா என்பீர்கள். விளக்கு மாற்றி எட்டு நாள்தான் ஆகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்த மாதம் கேட்டால் வேறு மாதிரி சொன்னாலும் சொல்வேன்.

வாங்கியே தீருவேன் என்றால், பெருமழை பெய்த மறுநாள் பார்க்கப் போங்கள். தலையணைகளை எடுத்துவிட்டு மூலைகளை அழுத்துங்கள். ஏணியை நீங்களே கொண்டுபோங்கள். எங்களுக்கு விற்றவர் தன்னிடம் ஏணி இல்லை என்றார். இருபது வண்டி நிற்கிற இடத்தில்.