மாணவர் நுணுக்குக்காட்டியில் கடல் டயற்றம் பார்க்கலாமா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் உயர்தர மாணவருக்கென்று விற்கும் நுணுக்குக்காட்டிகள் அநேகமாக ஒரே அமைப்புத்தான்: 10 மடங்குப் பார்வைத்துண்டு, 4, 10, 40, 100 மடங்குப் பொருள்வில்லைகள், அடியில் எல்ஈடி விளக்கு. வெங்காயத் தோலுக்கு இது தாராளம். கடற்பிளாந்தனில் உள்ள டயற்றத்தை, அதாவது சிலிக்கா ஓடுள்ள ஒருகல அல்காவை, இன மட்டம்வரை அடையாளம் காணவும் போதும், பெரிய இனங்களாக இருந்தால். அதற்கு மேடைக்குக் கீழே இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஏற்ற இனம் ட்ரையேரிஸ் மொபிலியென்சிஸ். 2013இல் சாதி மாற்றப்பட்டது; அதற்கு முந்திய நூல்களில் ஒடொண்டெல்லா என்றும் இன்னும் பழையவற்றில் பிடல்ஃபியா என்றும் தேட வேண்டும். வெப்பக் கரையோரக் கடல்களில் பரவலான இனம் இது. 20 மைக்ரோமீற்றர் கண் கொண்ட வலையில் சிக்கும். வழுக்கியில் பெரும்பாலும் இடைப்பட்டிப் பக்கம் (ஓட்டின் இரு பாதிகளையும் இணைக்கும் பட்டியுள்ள பக்கம்) தெரியும்படிதான் கிடக்கும்: நீள்சதுர உடல், நாலு மூலையிலும் மெல்லிய கொம்பு, உள்ளே பொன்பழுப்பில் நிறையச் சிறு பசியவுருமணிகள்.

பலர் கொம்பைப் பார்த்தவுடன் பெயர் எழுதிவிடுகிறார்கள். பிழை விடுவது அங்கேதான். பார்க்க வேண்டியது கொம்புக்கு உட்புறமாக எழும் நீண்ட முட்களை. ஒவ்வொரு ஓட்டுப்பாதியிலும் இரண்டு முட்கள் உண்டு. மொபிலியென்சிஸில் முள் கொம்பை விட்டு நடுப்பக்கமாகத் தள்ளி முளைத்து, வெளிநோக்கிச் சரிந்து போகும். ட்ரையேரிஸ் சினென்சிஸில் கொம்பின் அடியை ஒட்டியே முளைத்து, கலத்தின் நெடுக்கு அச்சுக்குக் கிட்டத்தட்டச் சமாந்தரமாக நிற்கும். 10 மடங்கு வில்லையில் முள் இருப்பது தெரியும். எங்கே முளைக்கிறது என்பதை 40இல்தான் நம்பிச் சொல்லலாம்.

அந்த 40 மடங்கு வில்லையின் எண் துவாரம் (நுண்விவரம் பிரித்துக் காட்டும் திறனைக் குறிக்கும் எண்) 0.65. பச்சை ஒளியில் ஏறத்தாழ 0.5 மைக்ரோமீற்றர் இடைவெளிவரை பிரித்துக் காட்டும். ஆனால் மலிவான மாதிரிகளில் மேடைக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சருக்குப் பதில் ஐந்து துளை வட்டத்தட்டு மட்டுமே இருக்கும். அதை வாங்க வேண்டாம். ஏற்றி இறக்கக்கூடிய, எண் துவாரம் 1.25 உள்ள ஆபே கண்டென்சரும் ஒளித்துளையைக் கூட்டிக் குறைக்கும் கருவிழித் திரையும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். நீரின் முறிவுச் சுட்டி 1.33, டயற்றத்தின் சிலிக்கா ஓட்டுக்குச் சுமார் 1.45, வித்தியாசம் சொற்பம் என்பதால் திரையை முழுதாகத் திறந்தால் முள் வெளிச்சத்தில் கரைந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு திறந்து வையுங்கள். அதற்கு மேல் ஒடுக்கினால் ஓட்டின் விளிம்பு இரட்டைக் கோடாகும், அதை அலங்காரம் என்று வரைந்துவிடுவோம்.

துளி பெரிதானால் கவர் ஸ்லிப் மிதக்கும், கலம் ஓடும், 40 வில்லையின் முகப்பு உப்புநீரில் நனையும். சிறு துளி போதும். மிஞ்சியதை வடிதாளால் ஓரத்தில் உறிஞ்சுங்கள். கலத்தைப் புரட்டி ஓட்டின் முகப்பைப் பார்க்க, கவர் ஸ்லிப்பின் விளிம்பை ஊசியால் மெல்லத் தட்டலாம். லூகோல் என்ற அயடீன் கரைசலைச் சேர்த்தால் கலம் கடும்பழுப்பாகும், ஆகவே அதைச் சேர்க்குமுன்னே பசியவுருமணிகளைப் பாருங்கள்.

அளவுகோல் பெட்டியில் வராது. பார்வைத்துண்டு அளவுகோலையும் 1 மில்லிமீற்றரை 100ஆகப் பிரித்த மேடை அளவுகோலையும் தனியே வாங்க வேண்டும். 0.1 மில்லிமீற்றர் பிரிவுள்ள பார்வைத்துண்டு அளவுகோலில் 40 வில்லைக்கு ஒரு பிரிவு 2.5 மைக்ரோமீற்றர் அளவில் வரும். ஆனாலும் ஒவ்வொரு வில்லைக்கும் தனியே அளந்து, தாளில் எழுதி, கருவியின் அடியில் ஒட்டிவிடுங்கள்.

100 வில்லை ஈரத் துளிக்கு உதவாது. எண்ணெய் கவர் ஸ்லிப்பை இழுத்துக்கொண்டு போகும், கலமும் எட்டாத ஆழத்தில் இருக்கும். அதைப் பயன்படுத்த ஓட்டைச் சுத்தம் செய்யுங்கள்: முதலில் வடிநீரால் உப்பைக் கழுவி, 30 வீத ஐதரசன் பேரொட்சைட்டில் இளஞ்சூட்டில், கையுறையோடு, புகை உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்து, படிந்ததும் மேல்நீரை ஊற்றிவிட்டு மீண்டும் மீண்டும் கழுவ வேண்டும். கவர் ஸ்லிப்பில் ஒரு துளி காயவிட்டு, அந்தப் பக்கம் கீழாக வழுக்கியில் கவிழ்த்து ஓரத்தை ஒட்டினால், காற்றில் கிடக்கும் ஓடு நீரில் இருந்ததைவிடத் தெளிவாகத் தெரியும். உப்பு மிச்சமிருந்தால் சதுரப் பளிங்குகள் மூடிவிடும்.

வாவிக்கரை ஈரத்தில், அதுவும் மாரியில், வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். உப்புநீர் பட்ட வில்லையை உடனே வடிநீர் நனைத்த வில்லைத்தாளால் ஒற்றியெடுங்கள். காய்ந்தபின் துடைத்தால் உப்புப் பளிங்கு கீறும்.

சூடோநிட்சியா என்ற டயற்றச் சாதிக்காக வாங்குகிறவர் மட்டும் வேறு வழி தேட வேண்டும். நஞ்சு தரும் இனங்களும் அதில் உண்டு. பல இனங்களின் ஓட்டுக் கோடுகள் இந்த 40 வில்லைக்கு எட்டாத நெருக்கம், உறுதிப்படுத்த இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும்.