குடல் பாக்டீரியா டெஸ்ட், சர்க்கரைக்குப் பவுடர்: மதுரைக்காரர்கள் உஷார்

ரேஸ்கோர்ஸ் பக்கம் காலையில் நடக்கப் போகிறவர்களை மடக்கி, இலவசமாகச் சர்க்கரை பார்க்கிறோம் என்று ஒரு கூட்டம் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறது. மாட்டியவர் எங்கள் சித்தப்பா. ஒத்தக்கடைக்காரர், பல வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறவர்.

விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "ஐயா, கோளாறு உங்க குடல்ல இருக்கு" என்றிருக்கிறார்கள். மலத்தைச் சோதிக்க 6,500 ரூபாய். ரிப்போர்ட் கலர் கலராக வந்தது: நல்ல பாக்டீரியா 38 சதவீதம், கெட்டது 62. அப்புறம் நல்ல பாக்டீரியாவைக் கூட்டும் என்று மூன்று மாதப் பவுடர், 14,000. மெட்ஃபார்மின் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடுமாம், அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

இதில் பாதி உண்மை கலந்திருப்பதுதான் வில்லங்கம். குண்டு எலியின் குடல் பாக்டீரியாவை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிக்கு மாற்றினால் அதற்கும் கொழுப்பு கூடுகிறது என்று 2006-இல் அமெரிக்காவில் காட்டினார்கள். 2012-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒல்லியானவர்களின் மலத்தைப் பருமனானவர்களின் குடலில் செலுத்தினார்கள். ஆறு வாரத்தில் அவர்கள் உடம்பில், சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. அங்கேயே மறுபடி செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 18 வாரத்துக்குள் அந்தப் பலன் போய்விட்டிருந்தது. மலத்தையே மாற்றியும் நிலைக்காதது பாக்கெட் பவுடரில் நிலைக்குமா? மெட்ஃபார்மின் குடல் பாக்டீரியாவை மாற்றுவது நிஜம். ஆனால் அந்த மாற்றம் சர்க்கரை குறையவே உதவுகிறது என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. 38 சதவீதம் கதைக்கு வந்தால், இவ்வளவு இருந்தால் நார்மல் என்று மருத்துவர்கள் ஒத்துக்கொண்ட அளவே கிடையாது.

மாத்திரையை நிறுத்தியதும் சித்தப்பாவுக்கு ராத்திரியெல்லாம் ஒண்ணுக்கு, நாக்கு வறட்சி. போன் போட்டால், "கெட்டது வெளியேறுது, அப்படித்தான் இருக்கும்" என்று பதில். சித்திதான் பிடிவாதமாக லேபுக்கு இழுத்துப் போனார். வெறும் வயிற்றில் சர்க்கரை 286. டாக்டர் திட்டிவிட்டு மெட்ஃபார்மினைத் திரும்ப ஆரம்பித்தார்.

பவுடர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். என்ன பாக்டீரியா, எத்தனை கோடி, ஒரு தகவலும் இல்லை. ஓரத்தில் பொடி எழுத்தில், மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்று இங்கிலீஷில் மட்டும் போட்டிருக்கிறது. பில்லிலும் 'வெல்னஸ் கிட்' என்பதோடு சரி. பணம் கேட்டால், "உடம்பு ஏத்துக்கலைன்னா நாங்க என்ன பண்றது" என்கிறார்கள்.

சர்க்கரை நோயைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் வருஷ மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். மேசையில் கொடுத்த நோட்டீஸில் 'சர்க்கரை பூரண குணம்' என்று அச்சடித்தே இருந்தது. அதையும் பில்லையும் வைத்துத்தான் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் யாராவது வாங்கியிருந்தால் நோட்டீஸைக் கிழித்துப் போடாமல் எடுத்து வையுங்கள்.