லாக்டைட் 243: ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிளுக்கு நல்லாவே வேலை செய்யுது

ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிள், அதாவது ஸ்ப்ரிங் தள்ளற பிஸ்டன் காத்த அமுக்கி குண்டச் சுடற துப்பாக்கி, வச்சிருக்கறவங்களுக்கு இந்தத் தலைவலி தெரியும், ஸ்டாக்க (தோள்ல வைக்கற கட்டை) பிடிச்சிருக்கற ஸ்க்ரூ லூஸ் ஆகி குரூப் சிதறும், அதாவது குண்டெல்லாம் ஒரே எடத்துல விழாது, நாம ஸ்கோப்ப (குறி பார்க்கற தொலைநோக்கி) போட்டு திட்டிட்டு இருப்போம். பிஸ்டன் முன்னாடி பாயறப்ப துப்பாக்கி பின்னாடி உதைக்கும், பிஸ்டன் போய் முட்டினதும் முன்னாடி இழுக்கும், இப்படி ரெண்டு பக்கமும் உதறினா எந்த ஸ்க்ரூதான் நிக்கும்?

ஊட்டில ஒரு ஹார்டுவேர் கடைல லாக்டைட் 243 வாங்கினேன், ஸ்க்ரூ லூஸ் ஆகாம மரைல விடற பசை, நீலக் கலர். பாட்டில் ரொம்பாம இருக்கேன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க, இது காத்து படாத எடத்துலதான் இறுகும், அதனால உள்ள காத்து விட்டுத்தான் அடைப்பாங்க. மரைல இருக்கற பழைய எண்ணெயத் துடைச்சுட்டு ஒரு சொட்டு விட்டா போதும். முழுசா இறுக 24 மணி நேரம்னு சொல்றதெல்லாம் 22 டிகிரில, நம்ம ஊட்டி மார்கழிக் குளிருக்கு அந்தக் கணக்கு செல்லாதுங்க, அடுப்பங்கரைப் பக்கமா வச்சு கூட ஒரு ராத்திரி விடுங்க. ஸ்க்ரூ தலைலேர்ந்து ஸ்டாக் வரைக்கும் நெயில் பாலிஷ்ல ஒரு கோடு போட்டு வச்சேன், இன்னும் கோடு விலகல.

ஸ்கோப் மவுண்ட்டோட பொடி ஸ்க்ரூவுக்கு பிடி கம்மியான ஊதாக் கலர் லாக்டைட் 222 போதும். சிவப்பு 271 பக்கமே போகாதீங்க, கழட்டணும்னா 250 டிகிரி வரைக்கும் சூடு காட்டணும்.

மர ஸ்டாக் மழைக்கு ஊதி பனிக்குச் சுருங்கும், அந்த லூஸுக்கு மட்டும் இது ஒண்ணும் பண்ணாது, ஒரு பல்லு வாஷர் போட்டுக்கங்க. விலைதான் கொஞ்சம் உறுத்துது, சின்ன பாட்டிலே வாங்குங்க.