கரண்ட் போய் வந்தால் விண்டோ எங்கே? குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ்: ஒரு ஜெராக்ஸ் கடையின் கணக்கு

கோத்தகிரியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 11 போட்ட ஒரே கம்ப்யூட்டர், ஆனால் மானிட்டர் இரண்டு. ஒன்று என் பக்கம், இன்னொன்று கவுண்டருக்கு வெளியே நிற்பவர் பக்கம். நான் அடிக்கும் பெயரை அவரே படித்துச் சரிபார்க்க வேண்டும் என்பதற்காக வைத்தது. "தம்பி, எங்க அப்பா பேருக்கு 'ள' வரும், 'ல' போட்டிருக்க பாரு" என்று ஹட்டியிலிருந்து (எங்கள் மலைக் கிராமத்தை இப்படித்தான் சொல்வோம்) வரும் அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொல்வார். அந்த ஓர் எழுத்தை அப்போதே திருத்திவிட்டால் அவருக்குத் தாலுகா ஆபீஸ் நடை மிச்சம்.

ஆகவே எனக்கு பிரௌசர் எவ்வளவு வேகம் என்பது இரண்டாம் பட்சம். விண்டோ சொன்ன இடத்தில் நிற்கிறதா, போன கரண்ட் வந்தபின் திரும்பி வருகிறதா, இதுதான் கேள்வி. கூடலூர் பக்கம் ஆனி, ஆடியில் கொட்டும் மழை எங்கள் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும், கம்பியில் மரக்கிளை விழும், கரண்ட் போகும், அஞ்சு நிமிஷத்தில் வரும், கம்ப்யூட்டர் ஆன் ஆகி முடிப்பதற்குள் மறுபடி போகும்.

இந்த விட்டு விட்டுப் போகும் கரண்டில் பயர்பாக்ஸ்தான் எனக்குத் திருப்தி. திறந்திருக்கும் விண்டோ, டேப் எல்லாவற்றையும் அது 15 விநாடிக்கு ஒருமுறை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். முதல் தடவை திடீரென்று நின்றுபோனால் கேட்காமலே எல்லாவற்றையும் திறந்துவிடும். திறந்த உடனே இன்னொரு தடவை நின்றால் அடுத்த முறை ஒரு பட்டியலைக் காட்டி, எந்த விண்டோ வேண்டும், எந்த டேப் வேண்டாம் என்று ஒவ்வொன்றுக்கும் டிக் அடிக்கச் சொல்லும். ஒரு பக்கம்தான் பிரௌசரையே தொங்கவைக்கிறது என்றால் அதை மட்டும் விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம். குரோமும் எட்ஜும் வலது மேல் மூலையில் 'பக்கங்களை மீட்கவா' என்று ஒரு சின்னப் பெட்டி காட்டும். கவுண்டரில் ஆள் நிற்கும் அவசரத்தில் அதை மூடிவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், பெரும்பாலும் பழைய விண்டோ மொத்தமாக வந்துவிடும். அதுவும் வராவிட்டால் ஹிஸ்டரியில் சமீபத்தில் மூடியவை என்ற இடம்.

அடுத்தது காணாமல் போகும் விண்டோ. இதற்கு எந்த பிரௌசரையும் குறை சொல்ல மாட்டேன். வெளிப்பக்க மானிட்டரின் பட்டனை மட்டும் அணைத்துவிட்டு, ஒயரைக் கழற்றாமல் விட்டால், பல மானிட்டர்களை விண்டோஸ் இன்னும் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளும். பிரௌசர் நேற்று எந்த இடத்தில் மூடியதோ அங்கேயே போய்த் திறக்கும். கீழே டாஸ்க்பாரில் ஐகான் இருக்கும், மவுஸை வைத்தால் தபால்தலை அளவில் பக்கம்கூடத் தெரியும், க்ளிக் செய்தால் எதுவும் வராது. நானே முதல் முறை கம்ப்யூட்டரை மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்தேன், தேவையே இல்லை. விண்டோஸ் விசை, ஷிஃப்ட், இடது அல்லது வலது அம்பு சேர்த்து அழுத்தினால் அடுத்த திரைக்குத் தாவும். ஒரே மானிட்டரில் விண்டோ திரைக்கு வெளியே ஒதுங்கியிருந்தால் ஆல்ட்டும் ஸ்பேஸும் அழுத்தி, அப்புறம் எம் அழுத்தி, அம்பு விசையை ஒருமுறை தட்டிவிட்டு மவுஸை அசையுங்கள், விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு வரும். இது மூன்றுக்கும் பொது. அப்படியும் சரியாகாவிட்டால்தான் வித்தியாசம் தெரியும். பயர்பாக்ஸ் தன் விண்டோவின் அளவையும் இடத்தையும் புரொஃபைல் ஃபோல்டரில் (உங்கள் அமைப்புகளை அது சேர்த்து வைக்கும் இடம்) எக்ஸ்யுஎல்ஸ்டோர் (xulstore.json) என்ற தனிக் கோப்பில் வைத்திருக்கிறது, பிரௌசரை மூடிவிட்டு அதை மட்டும் அழித்தால் போதும், புக்மார்க்குக்கும் பாஸ்வேர்டுக்கும் ஒன்றும் ஆகாது. குரோமில் அந்தக் குறிப்பு மற்ற எல்லா அமைப்புகளோடும் ஒரே கோப்பில் கலந்து கிடக்கிறது, அதில் கை வைக்க வேண்டாம்.

எட்ஜ் குரோமின் அதே அடித்தளத்தில் கட்டியது. விண்டோ விஷயத்தில் பெரிதாக வேறுபாடு இல்லை. கடைசி விண்டோவை மூடிய பின்னும் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் அமைப்புகளில் ஸ்டார்ட்அப் பூஸ்ட்டையும், எட்ஜை மூடிய பின்னும் பின்னணியில் ஓட விடும் தேர்வையும் அணைத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

ரசீது, பணம் கட்டும் பக்கம் இதெல்லாம் துண்டு விண்டோவாகத் திறக்கும் தொல்லை என் தொழிலில் தினமும் உண்டு. பெரிய விண்டோவுக்குப் பின்னால் அது ஒளிந்துகொள்ளும், வரவில்லை என்று நினைத்து இரண்டாவது தடவை அழுத்திவிடுவோம், பணம் கட்டும் இடத்தில் இது ஆபத்து. பயர்பாக்ஸில் முகவரி அடிக்கும் இடத்தில் about:config என்று அடித்து அபவுட் கன்ஃபிக் பக்கத்துக்குப் போய் 'நியூவிண்டோ புள்ளி ரெஸ்ட்ரிக்‌ஷன்' (newwindow.restriction) என்று ஆங்கிலத்தில் தேடி, 2 என்று இருக்கும் எண்ணை 0 ஆக்கினால் துண்டு விண்டோ எல்லாம் டேபாகவே திறக்கும். அதே பக்கத்தில் 'குளோஸ்விண்டோவித்லாஸ்ட்டேப்' (closeWindowWithLastTab) என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் கடைசி டேபை மூடும்போது விண்டோவும் சேர்ந்து போகாது. குரோமின் அமைப்புகளில் இவை இரண்டுமே கிடையாது. அதற்குப் பதில் குரோமில் எனக்குப் பிடித்த ஒன்று, விண்டோவுக்குப் பெயர் வைப்பது. மேலே டேப் வரிசையில் காலி இடத்தில் ரைட் க்ளிக் செய்தால் வரும். பட்டா வேலைக்கு ஒன்று, சுற்றுலா வண்டிகளின் இ-பாஸுக்கு ஒன்று என்று பெயர் வைத்துவிட்டால் ஆல்ட், டேப் அழுத்தும்போது தேட வேண்டியதில்லை. 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் கட்டாயமானதிலிருந்து சீசனில் அந்த விண்டோ மூடுவதே இல்லை.

இதுவரை படித்தால் பயர்பாக்ஸ் ஒன்றே போதும் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் கடை திறந்து பிரௌசரைத் தொட்டதும், முந்தின நாள் சாயந்திரம் வந்துபோன ஒரு பெரியவரின் கணக்கு லாகின் ஆனபடியே திறந்துகொண்டது, வெளிப்பக்க மானிட்டரில், அவர் பெயர், முகவரி, நிலத்தின் சர்வே எண் எல்லாம் தெரிய. அந்த நேரம் யாரும் நிற்கவில்லை, ஆனாலும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. எந்த பிரௌசராக இருந்தாலும் 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்று வைத்துவிட்டால், பக்கத்தோடு லாகினையும் திருப்பிக் கொடுக்கத்தான் செய்யும். அமைப்பை அப்படி வைத்தது நான்தான்.

அதிலிருந்து இரண்டாகப் பிரித்துவிட்டேன். கடைக் கணக்கு, என் மெயில், இ-பாஸ் எல்லாம் பயர்பாக்ஸில், பழைய விண்டோக்களைத் திறக்கும் அமைப்போடு, என் பக்க மானிட்டரில். அடுத்தவர் லாகின் செய்யும் வேலை எல்லாம் குரோமின் கெஸ்ட் விண்டோவில், வெளிப்பக்க மானிட்டரில். புரொஃபைல் படத்தை அழுத்தினால் கெஸ்ட் கிடைக்கும், எட்ஜிலும் உண்டு. கெஸ்ட் விண்டோக்கள் எல்லாவற்றையும் மூடினதும் ஹிஸ்டரியும் லாகினும் அழிந்துவிடும். பயர்பாக்ஸின் பிரைவேட் விண்டோவும் இதற்குப் போதும்தான், ஆனால் என் விண்டோவும் வாடிக்கையாளர் விண்டோவும் ஒரே பிரௌசரில் இருந்தால் அவசரத்தில் தப்பானதைத் தொட்டுவிடுகிறேன்.

கெஸ்ட்டில் இரண்டு சங்கடம் உண்டு. எக்ஸ்டென்ஷன் (பிரௌசரில் நாம் சேர்க்கும் துணைக் கருவி) எதுவும் வேலை செய்யாது, அதனால் தமிழ் அடிக்க விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இறக்கிய பிடிஎஃப் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும், அதை நாம்தான் அழிக்க வேண்டும், பிரிண்ட் வந்ததும் அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுகிறேன்.

கரண்ட் போனால் கெஸ்ட்டில் பாதி நிரப்பிய படிவமும் போய்விடுமே என்றால், போகும். அதற்காக ஒரு யூபிஎஸ் வாங்கி மேஜைக்குக் கீழே வைத்திருக்கிறேன், அது கூவ ஆரம்பித்ததும் பேச்சை நிறுத்திவிட்டுப் படிவத்தை அனுப்பிவிடுவேன். "இரு தம்பி, மெதுவா பாத்து அமுக்கு" என்பார் அந்த அக்கா, வெளிப்பக்க மானிட்டரில் கண்ணை வைத்துக்கொண்டே.