ஜப்பான் கான்சர்ட் டிக்கெட்டை மறுவிற்பனைத் தளத்தில் வாங்காதீர்கள்: புடோகான் வாசலில் எனக்கு நடந்தது

ஜப்பானில் கான்சர்ட் பார்க்கும் ஆசை உள்ளவர்கள், வெளிநாட்டு மறுவிற்பனைத் தளம் எதிலாவது டிக்கெட் எடுக்க நினைத்திருந்தால், கார்டு எண்ணைத் தட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் பணமும் போனது, ரொம்ப நாளாகக் காத்திருந்த ஒரு மாலையும் போனது. பணத்தைக் கேட்டுச் சண்டை போடலாம். அந்த மாலையை யாரிடம் போய்க் கேட்பது?

நான் பார்க்கப் போனது ஒரு ஐடல் பாடகியின் தனி நிகழ்ச்சி. ஆடிப் பாடும் பாப் நட்சத்திரங்களை அங்கே 'ஐடல்' என்பார்கள். அவர் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நடந்ததில் அவருக்கோ அவருடைய நிறுவனத்துக்கோ எந்தப் பங்கும் கிடையாது. அவர் பெயரைத் தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் இந்தக் கதை படக் கூடாது. பெரிய குழு ஒன்றில் பாடிக்கொண்டிருந்து, அதிலிருந்து விடைபெற்று, லைவ் ஹவுஸ் எனப்படும் சின்ன இசை அரங்குகளில் மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர். இது அவருடைய முதல் புடோகான் நிகழ்ச்சி.

டோக்கியோவின் நிப்பான் புடோகான், 1964 ஒலிம்பிக்கில் ஜூடோ போட்டிகளுக்காகக் கட்டிய எண்கோண அரங்கு. 1966இல் பீட்டில்ஸ் அங்கே பாடினார்கள். டோக்கியோ டோம், சைதாமா சூப்பர் அரீனா என்று அதைவிடப் பெரிய இடங்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் ஒரு ஐடல் தனி ஆளாக புடோகான் மேடையில் நிற்கிறார் என்றால் ரசிகர்கள் அழுதுவிடுவார்கள். உச்சியில் தொங்கும் தேசியக் கொடிக்குக் கீழே, நாலா பக்கமும் தனக்கென்று உள்ள நிறத்தில், ரசிகர்கள் கையில் பிடிக்கும் விளக்குகளான பென்லைட்டுகள் எரிவதை அவர் முதல்முறை பார்க்கும் அந்தக் கணத்துக்காகத்தான் நானும் சென்னையிலிருந்து கிளம்பினேன்.

முதலில் நேர் வழியில்தான் முயன்றேன். ஃபேன் கிளப்பில் சேர ஜப்பான் முகவரி கேட்டார்கள். பொது விற்பனைக்குப் போனால், குறுஞ்செய்தியில் வரும் எண்ணை உள்ளிட ஜப்பான் மொபைல் எண் வேண்டும். அப்போதுதான் தேடலின் உச்சியில், விளம்பரமாக, அந்தத் தளம் வந்து நின்றது. "அரீனா, A பிளாக், முன்பகுதி. இன்னும் 2 டிக்கெட்டுகளே மீதம்." அரீனா என்றால் மேடைக்கு எதிரே உள்ள தரைப்பகுதி. பக்கத்திலேயே நிமிடங்கள் குறைந்துகொண்டே வரும் ஒரு கடிகாரம். விலை 46,000 யென். கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம், கையாளும் கட்டணம் எல்லாம் ஏறி 58,000 யென்னைத் தாண்டியது. டிக்கெட்டின் அசல் விலை 9,900 யென் என்பது அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. பணம் கட்டும் முன் அவர்களுடைய சாட்டில் கேட்டேன்: வாசலில் பெயர் சரிபார்ப்பார்களா? "அதெல்லாம் இல்லை, டிக்கெட் கையில் இருந்தால் போதும். உள்ளே நுழைவதற்கு 100% உத்தரவாதம்" என்று பதில் வந்தது. எழுத்தில் வந்தது. அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இந்த இடத்தில் ஜப்பான் டிக்கெட் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். மோசடி முழுவதும் ஒளிந்திருப்பது இதில்தான்.

அங்கே பிரபலமானவர்களின் டிக்கெட்டை முந்துகிறவர்களுக்குக் கொடுப்பதில்லை. குலுக்கல்தான். முதலில் ஃபேன் கிளப் உறுப்பினர்களுக்கு ஒரு குலுக்கல், அப்புறம் டிக்கெட் நிறுவனங்கள் வழியாக இன்னும் சில சுற்றுகள், மிச்சம் இருந்தால் கடைசியில் பொது விற்பனை. குலுக்கலில் பெயர் விழுந்தவர்கள் கெடு தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். கன்வீனியன்ஸ் ஸ்டோர் கவுண்டரிலேயே கட்டிவிடலாம். பணம் கட்டிய பிறகும் எந்த இருக்கை என்று தெரியாது. நிகழ்ச்சி நெருங்கும்போதுதான், பெரும்பாலும் ஓரிரு வாரத்துக்கு முன்னால், கடையில் டிக்கெட்டை அச்சிட்டு எடுக்கும்போதோ போனில் மின்டிக்கெட் திறக்கும்போதோதான் இருக்கை எண்ணே தெரியவரும். பல நிகழ்ச்சிகளில் எல்லா இருக்கைக்கும் ஒரே விலை. மூன்றாவது வரிசையும் கிடைக்கலாம், இரண்டாம் தளத்தின் கடைசி வரிசையும் கிடைக்கலாம். எல்லாம் அதிர்ஷ்டம்.

அப்படியானால், நிகழ்ச்சிக்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கும்போதே "A பிளாக், முன்பகுதி" என்று எனக்கு விற்றார்களே, அது என்ன? ஒன்றுமே இல்லை. அன்றைக்கு எந்த ரசிகருக்கும் இருக்கை எண் கிடைத்திருக்கவில்லை. கையில் இல்லாத டிக்கெட்டுக்குப் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தேதி நெருங்கியதும் யாராவது ஒருவரிடம் கிடைத்ததை மலிவாக வாங்கி நம் தலையில் கட்டுகிறார்கள்.

நிகழ்ச்சிக்கு முந்தைய இரவு ஹோட்டல் வரவேற்பறையில் உறை வந்திருந்தது. உள்ளே கன்வீனியன்ஸ் ஸ்டோரில் அச்சிட்ட டிக்கெட். இரண்டாம் தளம், வடகிழக்குப் பக்கம். புடோகானில் மேடை வழக்கமாக வடக்கு ஓரமாகத்தான் இருக்கும். அந்தப் பக்கத்து இருக்கை என்றால் பாடகியின் முதுகைத்தான் அதிகம் பார்க்கலாம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கீழ் ஓரத்தில் கதகானா என்ற ஜப்பானிய எழுத்தில் ஒரு பெயர் அச்சாகியிருந்தது. யாரோ ஒரு ஜப்பானிய ஆணின் பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில், மறுவிற்பனையான டிக்கெட் செல்லாது, வாசலில் அடையாளம் சரிபார்க்கப்படலாம் என்று இருந்தது.

உடனே சாட்டில் எழுதினேன். காலையில்தான் பதில் வந்தது. "கவலைப்படாதீர்கள். யாராவது கேட்டால் நண்பர் வாங்கித் தந்தார் என்று சொல்லுங்கள்." பெயர் சரிபார்ப்பே கிடையாது என்று சொல்லிப் பணம் வாங்கியவர்கள், இப்போது வாசலில் என்ன பொய் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தருகிறார்கள். இதைவிட ஒரு வாக்குமூலம் வேண்டுமா?

குதான்ஷிதா ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால், பழைய எடோ கோட்டையின் தயாசு வாயிலைத் தாண்டித்தான் அரங்குக்குப் போக வேண்டும். டவலும் டி-ஷர்ட்டும் வாங்க நின்ற வரிசை அங்கேயே தொடங்கிவிட்டது. ரசிகர்கள் சேர்ந்து அனுப்பிய பூ அலங்காரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் அவருடைய நிறம், கைவேலையாகச் செய்த ரிப்பன்கள். முன்பின் தெரியாத ஓர் அம்மா, என் பென்லைட்டை வாங்கிப் பார்த்து, எந்தப் பாட்டுக்கு எந்த நிறத்துக்கு மாற்ற வேண்டும் என்று பொத்தானை அழுத்திக் காட்டினார்.

வாசலில் நின்ற ஊழியர் டிக்கெட்டை வாங்கி, பெயரைப் பார்த்து, அடையாள அட்டை கேட்டார். பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் கொஞ்சம் வாருங்கள் என்று ஓரமாக இருந்த ஒரு மேசைக்கு அழைத்துப் போனார். அங்கே வயதில் மூத்த ஒருவர் இருந்தார். எங்கே வாங்கினீர்கள் என்றார். போனில் அந்தத் தளத்தைக் காட்டினேன். அவர் தளத்தின் பெயரைப் படிக்கக்கூட இல்லை, பார்த்ததுமே தலையாட்டினார். தயாராக வைத்திருந்த, பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு ஆங்கிலத் தாளை என் பக்கம் திருப்பினார்: அனுமதியில்லாத மறுவிற்பனையில் வாங்கிய டிக்கெட்டுக்கு அனுமதி இல்லை, அமைப்பாளர்கள் பணம் திருப்பித் தர மாட்டார்கள். அப்புறம் எழுந்து நின்று குனிந்து வணங்கினார். அதே மேசையில் வேறொரு நாட்டிலிருந்து வந்த இளம் ஜோடி, அதே தளத்தின் மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் கழுத்தில் புது டவல்.

முதல் பாட்டுக்கு எழுந்த ஆரவாரம் வெளியே மரங்கள் வரைக்கும் கேட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

அந்த ஊழியர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் செய்தது சரி. நம் ஊரில் முதல் நாள் காட்சிக்கு பிளாக்கில் டிக்கெட் வாங்கினால் காசுதான் கூடுதல், உள்ளே விட்டுவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் ஜப்பானையும் பார்க்கக் கூடாது. அங்கே 2019 ஜூன் 14 முதல் டிக்கெட் மறுவிற்பனைக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. மறுவிற்பனை கூடாது என்று குறிப்பிட்டு, வாங்குபவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் பதிவுசெய்து, தேதி இடம் குறித்து விற்ற டிக்கெட்டை, அமைப்பாளர் அனுமதி இல்லாமல் அசல் விலைக்கு மேல் தொழிலாக விற்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம், அல்லது இரண்டும். அராஷி என்ற ஜப்பானிய பாப் குழுவின் டிக்கெட்டுகளை விற்ற வழக்கில் 2020இல் ஒசாகாவில் தண்டனையே கொடுத்தார்கள். நிகழ்ச்சி பார்க்க வாங்கியவரை இந்தச் சட்டம் தண்டிக்காது. ஆனால் வாசலில் நிற்க வைத்துவிடும். விற்ற தளமோ வேறு நாட்டில் பத்திரமாக இருக்கும்.

வெளியே பேச்சுக் கொடுத்த ஒரு ரசிகர் சொன்னதுதான் இன்னும் வலித்தது. மேடையும் கருவிகளும் எங்கே வரும் என்று முடிவான பிறகு, அவற்றுக்காக ஒதுக்கி வைத்த இடங்களில் மிஞ்சியதைக் கடைசி நாட்களில் அசல் விலைக்கே விற்பது அங்கே வழக்கமாம். மேடை கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். இந்த நிகழ்ச்சிக்கும் அந்த வாரம் விற்றிருக்கிறார்கள். அந்த அறிவிப்பு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் வந்திருந்தது.

திரும்பி வந்ததும் பணத்தைக் கேட்டேன். உத்தரவாதம் டிக்கெட் வந்து சேர்வதற்குத்தானாம், உள்ளே நுழைவதற்கு இல்லையாம். சாட்டில் அவர்களே எழுதியதை அனுப்பினேன். அப்படியானால் அரங்கு நுழைவை மறுத்ததாகக் கடிதம் கொண்டு வாருங்கள் என்றார்கள். அப்படி ஒரு கடிதம் கிடைக்காது என்று தெரிந்தேதான் கேட்கிறார்கள். அதன் பிறகு பதிலே இல்லை.

வங்கியில் கார்டு பரிவர்த்தனையை மறுத்துப் புகார் கொடுத்தேன். பணம் தற்காலிகமாகக் கணக்கில் ஏறியது. அந்தத் தளம் ஹோட்டலில் உறையைப் பெற்றுக்கொண்ட கையெழுத்தைக் காட்டியதும் மறுபடி கழித்துவிட்டார்கள். இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கும்போது 'பொருள் வரவில்லை' என்ற பிரிவில் கொடுத்தால் இப்படித்தான் முடியும், ஏனென்றால் ஒரு காகிதம் வந்துதான் இருக்கிறது. 'சொன்னது ஒன்று, வந்தது வேறு' என்ற பிரிவைக் கேட்டு வாங்குங்கள். விற்பனைப் பக்கத்தின் படம், சாட் உரையாடல், டிக்கெட்டின் இரு பக்கங்களும், அதில் உள்ள வேறொருவர் பெயர், எல்லாவற்றையும் இணையுங்கள். விற்பனைப் பக்கத்தை வாங்கும்போதே படம் எடுத்து வைப்பது முக்கியம். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் நான் வாங்கிய டிக்கெட்டின் பக்கம் அந்தத் தளத்திலிருந்து காணாமல் போய்விட்டது.

ஜப்பானில் இருக்கும்போதே புகார் செய்ய வேண்டுமென்றால், அரசின் தேசிய நுகர்வோர் விவகார மையம் சுற்றுலாப் பயணிகளுக்கென்று பல மொழிகளில் தொலைபேசி உதவி வைத்திருக்கிறது. நான் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள். நிறுவனம் ஜப்பானுக்கு வெளியே இருப்பதால் கட்டாயப்படுத்த முடியாது, கார்டு புகாரைத் தாமதிக்காதீர்கள் என்றார்கள்.

சரி, வெளியூர் ரசிகர் எப்படித்தான் பார்ப்பது? வழி இருக்கிறது. சில கலைஞர்கள் வெளிநாட்டு ரசிகர்களுக்கென்று தனிக் குலுக்கல் வைக்கிறார்கள். அவர்களுடைய அதிகாரபூர்வ தளத்தில் மட்டும் பாருங்கள். ஜப்பானின் பெரிய டிக்கெட் நிறுவனங்கள் சிலவற்றுக்கு வெளிநாட்டவருக்கான பக்கங்கள் உண்டு. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே பதிவுசெய்யலாம். வர முடியாமல் போனவர்களின் டிக்கெட்டை அசல் விலைக்கும் ஒரு சிறு கட்டணத்துக்கும் மாற்றித்தரும் அதிகாரபூர்வ மறுவிற்பனையும் உண்டு. அங்கே ஜப்பான் எண் தேவைப்படலாம். நம்பிக்கையான நண்பர் இருந்தால், அவர் தன் பெயரில் எடுத்து, உங்களை உடன் வருபவராகப் பதிவுசெய்து, கூடவே உள்ளே வர வேண்டும். "என் உறுப்பினர் அட்டையைத் தருகிறேன், என் பெயரைச் சொல்லி நுழைந்துவிடுங்கள்" என்று எவராவது பணம் கேட்டால் பக்கத்திலேயே போகாதீர்கள். அடுத்தவர் அடையாளத்தோடு வெளிநாட்டில் மாட்டினால் விஷயம் டிக்கெட்டோடு நிற்காது.

நிகழ்ச்சிக்கு வெகு நாள் முன்பே வரிசையும் இருக்கையும் சொல்லி விற்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். அசல் விலையை மறைக்கிற தளத்தையும்.

என் வங்கி கடைசியாக முடியாது என்று எழுதிவிட்டது. வங்கியின் பதில் திருப்தி இல்லை என்றாலோ, 30 நாளில் பதிலே வரவில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் இணையத்திலேயே புகார் செய்யலாம். செய்திருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்து, டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருங்கள். அதில் அச்சான அந்த வேறொருவர் பெயர்தான் நம் கையில் இருக்கும் சாட்சி. வாசலில் டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு, அதனால் உறையைப் பிரித்ததுமே படம் எடுத்துவிடுங்கள்.