குன்னூர் மழையும் கார் கண்ணாடியும்: ஏழு மழைக்காலம் ஆவி துடைச்சவன் அனுபவம்

நான் குன்னூர்ல இருக்கேன், வேலை ஊட்டில. கார் 2014 மாடல் சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக், 2018ல கீழ கோயம்புத்தூர்ல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது, பேஸ் வேரியண்ட், மேனுவல் ஏசி, பின் கண்ணாடிய சூடாக்கி ஆவி போக்குற டீஃபாகர் கம்பி கூட கிடையாது. குன்னூருக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிய மழை, ஊட்டிக்கு ஆனி ஆடியில கொட்டும், அப்ப ரெண்டு ஊருக்கும் நடுவுல தினமும் ஓட்டுறவன் கதிய யோசிச்சுக்கோங்க, வருஷத்துல பாதி நாள் கண்ணாடி உள்பக்கம் ஆவி கட்டித்தான் நிக்கும்.

முதல் வருஷம் வைத்தியம் வெறும் கைதான். காலையில நனைஞ்ச குடையோட ரெண்டு பேர் ஏறினா வெலிங்டன் தாண்டுறதுக்குள்ள முன்கண்ணாடி பால் ஊத்தின மாதிரி ஆயிடும், நானும் சட்டைக் கையால தேய்ப்பேன். பகல்ல அது பெருசா தெரியாதுங்க. ராத்திரி எல்லநள்ளி பக்கம் எதிர்ல ஒரு பஸ் ஹை பீம்ல வந்தா அந்த தேய்ச்ச கோடெல்லாம் ஒண்ணா பத்திக்கிட்டு எரியும், ரோடு எங்க இருக்கு பள்ளம் எங்க இருக்குன்னே தெரியாது. ஒரு தடவை பயந்துபோய் நடுரோட்டுலயே நிறுத்திட்டேன்.

அப்புறம் ஆரம்பிச்சது பரிசோதனை. உருளைக்கிழங்க பாதியா வெட்டி தேய்க்கச் சொன்னாங்க, எங்க ஊர்ல உருளைக்கிழங்குக்கா பஞ்சம், தேய்ச்சேன், ஒரு நாள் நல்லா இருந்துச்சு, மறுநாள் மாவுப் படலம். ஷேவிங் ஃபோம் அதவிட மேல், மெல்லிசா பூசி காய்ஞ்ச துணியால பளிச்னு துடைச்சு விட்டா மூணு நாலு நாள் தாங்கும், அடை மழைன்னா ரெண்டே நாள். ஆன்லைன்ல வாங்கின ஆன்டி ஃபாக் ஸ்ப்ரே ஒரு வாரம் பத்து நாள் வந்துச்சு. இது எல்லாமே ஒரே வேலையத்தான் செய்யுது, ஈரத்த தடுக்கறதில்ல, பொடிப்பொடி துளியா நிக்க விடாம தண்ணிய ஒரே படலமா பரப்பி விடுது, அவ்ளோதான். பூச்சு கொஞ்சம் தடிமனா போச்சுன்னா ராத்திரி லைட்டச் சுத்தி வளையம் தெரியும், அதுக்கு ஆவியே தேவலாம்னு தோணும்.

சிலிக்கா ஜெல்லும் பாத்தாச்சு. ஒரு கிலோ வாங்கி துணிப் பையில கட்டி டேஷ்போர்டுல போட்டேன், ஆரஞ்சு கலர்ல இருக்கறது ஈரம் குடிச்சா பச்சையா மாறும், மறுபடி சூடு பண்ணிக் காய வச்சா பழைய கலர் வரும். நிறுத்தி வச்ச வண்டிக்கு ராத்திரி முழுக்க உதவுது, ஒத்துக்கிறேன், ஆனா கதவத் திறந்து நனைஞ்ச நாலு பேர் ஏறி உக்காந்தா அது பாவம் என்ன பண்ணும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், சமையல் வாணலில போட்டு வறுக்காதீங்க, எங்க அம்மாகிட்ட நான் வாங்கினது போதும். அலமாரிக்கு வைக்கிற ஈரம் உறிஞ்சுற டப்பா இருக்கே, அத காருக்குள்ள வைக்கவே வைக்காதீங்க. அது இழுத்த தண்ணிய கீழ சேத்து வைக்கும், எனக்கு அது ஒரு ஹேர்பின் வளைவுல கவுந்து கால் வைக்கிற இடம் பூரா எண்ணெய் மாதிரி பிசுபிசுன்னு ஆயிடுச்சு, அந்த உப்புத் தண்ணி காயவே காயாது, காத்துல இருந்து இன்னும் ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும்.

ஏசி விஷயத்த நான் ரொம்ப லேட்டா கத்துக்கிட்டேன். குளிர்ல எவனாவது ஏசி போடுவானான்னு நெனச்சு ரெண்டு வருஷம் அந்த பட்டனத் தொடவே இல்ல. ஏசி போட்டா காத்துல இருக்கிற ஈரம் உள்ள இருக்கிற காயில் மேல தண்ணியா படிஞ்சு வண்டிக்கு அடியில சொட்டிப் போயிடும், அந்தக் காய்ஞ்ச காத்த ஹீட்டர் வழியா சூடாக்கி கண்ணாடி மேல விடணும். ஏசியும் ஹீட்டரும் ஒண்ணா எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு இதான் பதில், ஒண்ணு காய வைக்குது, இன்னொண்ணு கண்ணாடிய சூடாக்குது. ரீசர்குலேஷன் ஆஃப்ல இருக்கணும், உள்காத்தையே சுத்த விட்டா நம்ம மூச்சு ஈரம் எங்க போகும்? என் வண்டில இப்படி வச்சா ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல கண்ணாடி தெளியுது. கண்ணாடி தெளிஞ்சுடுச்சேன்னு உடனே ஏசிய மட்டும் ஆஃப் பண்ணிட்டா காயில்ல நிக்கிற ஈரம் பூரா ப்ளோயர் காத்தோட திரும்ப உள்ள வந்து பழையபடி அடைச்சுக்கும், இது எனக்கு எத்தனையோ தடவை நடந்துருக்கு. ஜனவரில தலைகுந்தா பக்கம் புல்லு மேல உறைபனி வெள்ளையா கிடக்கற காலையில ஏசி பட்டன அமுக்கினாலும் கம்ப்ரஸர் எடுக்காது, அவ்ளோ குளிர்ல அது ஓடக்கூடாதுன்னு கட் ஆயிடும், அப்ப ஹீட்டரும் வெளிக்காத்தும்தான் கதி.

இவ்ளோ பண்ணியும் 2021 மழைக்கு காலையில கதவத் திறந்தா கண்ணாடியில தண்ணி கோடு கோடா இறங்கும், உள்ள பழைய சாக்கு வாடை. ஒரு ஒர்க்‌ஷாப்ல ஹீட்டர் கோர், அதாவது இன்ஜின் சூட்டுல காய்ஞ்ச கூலன்ட் தண்ணி ஓடி ஹீட்டர் காத்த சூடாக்குற பகுதி, லீக்குன்னு சொல்லி டேஷ்போர்டையே கழட்டணும்னு பெரிய தொகை சொன்னாங்க. எனக்கு டவுட், ஏன்னா கூலன்ட் ஒரு சொட்டு குறையல, கண்ணாடியில எண்ணெய்ப் பிசுக்கும் இல்ல, கூலன்ட் கசிஞ்சா வர்ற இனிப்பு வாடையும் இல்ல. மேட்டுப்பாளையத்துல ஒரு வயசான மெக்கானிக் இருக்காரு, அவர்கிட்ட காட்டினேன். அவரு கண்ணாடியப் பாக்கவே இல்ல, "ஏனுங்க தம்பி, கால் மேட்டத் தூக்கி கார்பெட்டத் தொட்டுப் பாத்தீங்களா?"ன்னாரு.

இடது பக்க மேட்டத் தூக்கி கார்பெட்ட தொட்டா லேசா ஜில்லுனு இருக்கு, அவ்ளோதான். அவரு ஓரத்த பிடிச்சு உரிச்சு அடியில இருக்கிற ஸ்பாஞ்ச ரெண்டு கையால பிழிஞ்சாரு பாருங்க, துணி துவைச்சுப் பிழியற மாதிரி கறுப்புத் தண்ணி ஊத்துது, பாதி மக்குக்கு மேலயே பிடிச்சோம். அப்புறம் வைப்பருக்குக் கீழ இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக்க கழட்டினா உள்ள சில்வர் ஓக் இலை மக்கிப்போய் உரம் மாதிரி ஒரு அடை, தண்ணி வடியற ஓட்டை அடைச்சுக்கிச்சு, மழைத்தண்ணி போக வழியில்லாம ப்ளோயர் வழியா உள்ள இறங்கிருக்கு. உள்ள வர்ற காத்த வடிகட்டுற கேபின் ஃபில்டர் ஊறிப்போன அட்டை. நான் தினமும் துடைச்ச ஆவி என் மூச்சுல இருந்து வந்தது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் இந்த ஸ்பாஞ்ச்ல இருந்து வந்துட்டு இருந்துருக்கு. மூணு வருஷம் கண்ணாடிக்கு மருந்து போட்டுட்டு இருந்துருக்கேன், வியாதி காலுக்குக் கீழ.

காய வைக்கறது அடுத்த கூத்து. குன்னூர்ல நவம்பர்ல எங்க காயும்? மச்சான் வீடு மேட்டுப்பாளையத்துல இருக்கறதால வண்டிய அங்கயே விட்டுட்டு பஸ்ல ஏறி வந்தேன், மழை விட்ட நாலு நாள் வெயில்ல நாலு கதவையும் திறந்து வச்சு, கார்பெட்டுக்கு அடியில நியூஸ்பேப்பர் மாத்தி மாத்திச் சொருகி காய வச்சாங்க. மொத்தச் செலவு ஃபில்டரோட சேத்து ஆயிரத்துக்குள்ள.

கண்ணாடியில அழுக்குப் படலம் இருந்தா ஆவி சீக்கிரம் பிடிக்கும், இதையும் அந்த வருஷம்தான் கவனிச்சேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு ஒரு மைக்ரோஃபைபர் துணியால துடைச்சு, காய்ஞ்ச இன்னொரு துணியால இழுத்து விடறேன், முதல் தடவை துணி மஞ்சளா வந்துச்சு. பின் சீட்டு ஜன்னல்ல மட்டும் கை வைக்க முடியல, பொண்ணு ஒன்னாவது படிக்கறப்ப விரல்ல வரைஞ்ச யானை ஒவ்வொரு தடவை ஆவி கட்டும்போதும் அப்படியே திரும்ப வருது, விரல்ல இருந்த பிசுக்கு போகல போல. துடைக்கக் கூடாதுன்னு உத்தரவு.

மலை ஏறி இறங்கறவங்களுக்கு ஒண்ணு. மேட்டுப்பாளையத்துல இருந்து உள்காத்துலயே ஏசி போட்டு வந்து பர்லியார் தாண்டி குளிருதேன்னு ஏசிய அணைச்சா உள்பக்கம் கட்டும். 30 டிகிரி காத்துல கன மீட்டருக்கு 30 கிராம் வரைக்கும் ஈரம் நிக்கும், 10 டிகிரில 9 கிராம் சொச்சம்தான், மிச்சம் கண்ணாடியிலதான் உக்காரும். இறங்கும்போது தலைகீழ், ஜில்லுனு இருக்கிற கண்ணாடியில கீழ்க்காத்து பட்டு வெளிப்பக்கம் கட்டும், உள்ள எவ்ளோ தேய்ச்சாலும் போகாது, வைப்பர ஒரு தடவை போட்டா தெரிஞ்சுடும். அப்ப கண்ணாடிக்கு அடிக்கிற ஏசிக் காத்த முகத்துக்கு மாத்திட்டு குளிர கொஞ்சம் குறைச்சா போதும்.

இப்ப புரட்டாசி வந்தா இலையெல்லாம் அள்ளி ஒரு மக் தண்ணி ஊத்தி அடியில வடியுதான்னு பாத்துடறேன், நனைஞ்ச குடை பின்னாடி பிளாஸ்டிக் ட்ரேக்குப் போயிடுது, ரப்பர் மேட் அடியில வாரம் ஒருக்கா கை விட்டுப் பாப்பேன். காலையில ஸ்டார்ட் பண்ணின உடனே ரெண்டு ஜன்னல் ஒரு விரல் அளவு கீழ. சிலிக்கா பை இன்னும் டேஷ்போர்டுல கிடக்கு. பின் கண்ணாடி மட்டும் நாலு பேர் ஏறினா இன்னும் மூடிக்குது, டீஃபாகர் இல்லாத வண்டிய வாங்கினது என் தப்பு, சைடு மிர்ரர வச்சு ஓட்டிட்டு இருக்கேன்.