ஜீரோ விமானம்: உடைசலா, பறக்கவிட்ட டெஸ்டா?

ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பானோட ஜீரோ போர் விமானத்த பத்தி அமெரிக்கா சேத்த தகவல்ல எதை நம்புறதுன்னு குழம்புறவங்களுக்கு.

வேகம்: பேர்ல் ஹார்பர்ல விழுந்த உடைசல் 1941லயே கைக்கு வந்துடுச்சு. அலாஸ்கா பக்கம் அகுடான் தீவு சேத்துல ஜூன் 1942ல தலைகீழா கவுந்த ஜீரோவ கண்டுபிடிக்கவே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, சான் டியாகோவுல ரிப்பேர் பண்ணி செப்டம்பர்லதான் பறக்கவிட்டாங்க.

விவரம்: உடைசல்ல கவசத்தகடு இல்ல, குண்டு துளைச்சா தானா அடைச்சுக்குற டேங்க் இல்லன்னு தெரியும். ஆனா 200 நாட் (மணிக்கு சுமார் 370 கி.மீ.) வேகத்துக்கு மேல ஐலரான் (விமானத்த பக்கவாட்டுல சாய்க்குற இறக்கை மடிப்பு) இறுகிப்போய் உருளவே கஷ்டப்படும், மூக்க சட்டுனு கீழ அமுக்குனா இன்ஜின் திணறும், இதெல்லாம் உள்ள உக்காந்து ஓட்டுனாதான் தெரியும், என்னை கேட்டா பைலட் உயிர காப்பாத்துறது இதுதான்.

எங்க சுட்டா எரியும்னு தெரிய உடைசல் போதும். ஜீரோ பின்னாடி ஒட்டிக்கிட்டா எப்படி தப்பிக்கணும்னா டெஸ்ட் ரிப்போர்ட்தான்.